உச்சி வெயிலில் இலை அளந்தவள்

எங்கள் ஊரில் அவளுக்கு 'தெரியலைங்க மேடம்' என்று பெயர். நக்கலுக்கு வைத்த பெயர். வைத்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்தப் பெயர் ஓர் உரக்கடைக்காரர் போட்ட கூட்டத்தில் வந்தது. நாமகிரிப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு போடுகிற எங்களையெல்லாம் உட்கார வைத்து, போண்டாவும் டீயும் கொடுத்து, ஒரு டானிக்கைத் தூக்கிக் காட்டினார். இதை இலைமேல் அடித்தால் எந்த வெயிலுக்கும் செடி அசையாது என்றார். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. யாராவது தங்கள் கிழங்குக் காட்டில் இலை அளக்க இடம் கொடுப்பார்களா என்று கேட்க வந்திருந்தாள். கடைக்காரர் அவளை எழுப்பிவிட்டார்.

"ஆராய்ச்சிக்காரம்மாவே வந்திருக்காங்க. ஏனுங்க மேடம், நம்ம டானிக்கைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியலைங்க."

"நல்லதுதானுங்களே?"

"அளந்து பாக்காமத் தெரியலைங்க."

"சரி, அதை உடுங்க. இந்த வருசம் வெய்யல் எப்படி இருக்கும்? அதையாச்சும் சொல்லுங்க."

"தெரியலைங்க."

மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் ஒருவர், "எங்க ஊட்டு எருமைக்குங்கூடத்தான் ஒண்ணும் தெரியல, அதையும் சேலத்துல வேலைக்குச் சேத்தி உட்டறலாம்" என்றார். அவள் உட்கார்ந்து மிச்ச போண்டாவைத் தின்று முடித்தாள். நான் இரண்டு கேன் டானிக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சித்திரையில் என் காட்டில் இலை வெந்தது. எல்லார் காட்டிலும் வெந்தது. கடைக்காரருக்கு எவனும் பட்டப்பெயர் வைக்கவில்லை. அதே கடையில் உட்கார்ந்து இன்றைக்கும் வேறொரு டப்பாவை விற்றுக்கொண்டிருக்கிறார். நாங்களும் வாங்குகிறோம். தெரியும் என்று எவன் தைரியமாகப் பொய் சொல்கிறானோ அவனைத்தான் எங்களுக்குப் பிடிக்கிறது.

அவளுக்கு இடம் கொடுத்தது நான்தான். நல்ல மனதால் அல்ல. டானிக் ஏமாற்றிய கோபம். என் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போனால் வருசத்துக்கு இரண்டு தடவைதான் ஊருக்கு வருவார். இரண்டு ஏக்கர் கிழங்குக் காட்டை நான்தான் பார்க்கிறேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ராசிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண் அவள். முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். ஸ்கூட்டியின் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவாள். விவசாய அதிகாரிகள் வந்தால் காலை பத்து மணிக்கு வருவார்கள், வேப்பமரத்தடியில் நின்று போட்டோ எடுப்பார்கள், இளநீர் குடித்துவிட்டுப் போவார்கள். இவள் பன்னிரண்டு மணிக்கு வருவாள். சித்திரை, வைகாசி என்று எந்தக் கணக்கும் கிடையாது. தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிடுவாள்.

"மண்டை வெடிச்சுச் சாவப்போற. காலையில வந்தா ஆவாதா?" என்று ஒரு நாள் கத்தினேன்.

"காலையில எல்லா இலையும் நல்லாத்தானுங்கக்கா இருக்கும்" என்றாள்.

அவளுடைய வேலை இதுதான். இலைமேல் ஒரு சின்னக் கிளிப்பை மாட்டுவாள். கிளிப்புக்குள் வெளிச்சம் போகாது. அப்படியே அரைமணி நேரம் விட வேண்டும். பிறகு மெசினை அதில் வைத்து ஓர் ஒளியை அடித்தால் ஓர் எண் காட்டும். நல்ல இலை என்றால் புள்ளி எட்டுக்கு மேல். வெயில் தாங்காத இலை என்றால் புள்ளி ஆறு, புள்ளி ஐந்து என்று இறங்கும். நான் அதை மார்க் என்று சொல்வேன். எந்த வாத்தியாரும் இப்படி மார்க் போட்டிருக்க மாட்டார். ஒரே இலையை மூன்று தடவை அளப்பாள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மறுநாளும் வந்து அளப்பாள்.

அந்த அரைமணி நேரம் மோட்டார் ரூம் நிழலில் என்னோடு உட்கார்ந்திருப்பாள். அப்படித்தான் பழக்கம் வளர்ந்தது. எதைத்தான் அளக்கிறாய் என்று கேட்டேன். சொன்னாள். இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடம் இருக்கிறது. வெயிலைப் பிடித்துத் தண்ணீரை உடைப்பது அங்கேதான். அதற்கு நடுவில் நாலே நாலு மாங்கனீசு அணுக்கள் இருக்கின்றன. அவை கழன்று போகாமல் ஒரு புரதம் மேலே கவிந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. வெயில் ஏறினால் முதலில் கழல்வது அந்தப் புரதம்தான். அது கழன்றால் மாங்கனீசும் போகும், தண்ணீரும் உடையாது.

"அப்ப இலை மஞ்சளாயிருமா?"

"இல்லைங்கக்கா. பச்சையாவேதான் இருக்கும். பாத்தா நல்லாருக்கற மாதிரியே இருக்கும். ஆனா உள்ள வேலை நடக்காது."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தபோது இதைச் சொன்னேன். "அட, நம்ம எஞ்சின் வாஷர் மாதிரி. வாஷர் போச்சுன்னா எல்லாம் போச்சு" என்றார். அடுத்த தடவை அவளிடம் பெருமையாக அதைச் சொன்னேன்.

"வாஷர் சும்மா இருக்குமுங்க. இது சும்மா இருக்கற மாதிரி தெரியல. வாஷர்னு சொல்லலாமான்னு எனக்குத் தெரியலைங்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னா சரின்னுட்டுப் போயேன்டி!"

"சரிங்கக்கா" என்றாள். ஆனால் வாஷர் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை.

அவளிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியாது. என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, எப்படி இருக்கிறது என்றால், "உப்பு கம்மிங்க" என்பாள். என் மகளுக்கு வந்த மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினால், "போட்டோவுல என்னுங்க தெரியும்?" என்பாள். எரிச்சலாக வரும். அவளை அனுப்பிவிட்டு, இனி இவளுக்குச் சோறு போடக்கூடாது என்று நினைப்பேன். மறுநாள் உப்பைக் கூடப் போட்டு வைப்பேன்.

ஒரு தடவை எனக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேரும், "ஒண்ணுமில்ல, கொழுப்புக் கட்டியா இருக்கும்" என்றார்கள். வீட்டுக்காரரும் போனில் அதையேதான் சொன்னார். அவளிடம் சொன்னேன்.

"ஒண்ணுமில்லதான சாமி?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாளா என்றிருந்தது.

"தெரியலைங்கக்கா" என்றாள். கிளிப்புகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். அன்றைய அளவு பாதியில் நின்றது. "ஏறுங்க. இப்பவே போயிப் பாத்தறலாம்."

சேலம்வரை அவள் ஸ்கூட்டியில் போனோம். ஊசி போட்டு எடுத்துப் பார்க்கிற வரைக்கும், முடிவு வருகிற வரைக்கும், அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவளுடைய அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்துக்கொள்வாளா என்று அண்ணன் இவளைக் கேட்டிருக்கிறான். இவள் வழக்கம்போலத் தெரியவில்லை என்றிருக்கிறாள். அம்மா போன பிறகு அண்ணன் ஒரு வருசம் இவளோடு பேசவில்லையாம்.

"பொழைச்சுக்குவாங்கன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்குத் தெரியாதுங்களே, அக்கா."

என் கட்டியில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அந்தத் தாளை அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்கக்கா" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. மற்ற நாலு பேர் சொன்ன 'ஒண்ணுமில்ல'வை நான் நம்பவே இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இப்படிப்பட்டவளுக்கு நான் செய்ததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த வருசக் கோடையில், என் காட்டு வாய்க்கால் ஓரத்தில் மூன்று செடிகளின் மார்க் வெயிலில் இறங்கவில்லை. சுற்றியிருந்த செடிகளெல்லாம் புள்ளி ஆறுக்கு வந்தபோதும் இவை மூன்றும் எட்டிலேயே நின்றன. அவள் ஒன்பது நாள் தொடர்ந்து வந்தாள். இலையைக் கிள்ளி ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் அரைத்துப் பார்த்தாள். அந்தப் புரதம் சூட்டிலும் கழலாமல் இருந்ததாகச் சொன்னாள். வழக்கத்தைவிட வேகமாகச் சொன்னாள். உடனே தன்னைத் தானே அடக்கிக்கொண்டாள்.

"வாய்க்கால் ஓரமுங்க. தண்ணி கூடக் குடிச்சதால இப்படி இருக்குதா, செடியே அப்படியான்னு தெரியலைங்க. இந்தக் குச்சியை வெட்டி வேற எடத்துல நட்டு, அடுத்த கோடையில அளந்தாத்தான் சொல்ல முடியும்."

குச்சிக்கிழங்குக்கு விதை போடுவதில்லை. பிடுங்கிய செடியின் குச்சியைத் துண்டு போட்டு நடுவதுதான். தாய் எப்படியோ பிள்ளை அப்படி. அதனால் அந்த மூன்று செடிகளின் குச்சிகள் அவளுக்கு வேண்டும். மூன்றிலும் வீட்டுத் தறியிலிருந்து கொண்டுவந்த நீல நூலைக் கட்டினாள். அறுந்தால் கட்டிக்கொள்ள மிச்ச நூலை மோட்டார் ரூமில் வைத்தாள்.

"என் கண்ணாட்டம் பாத்துக்கறேன் போ" என்றேன்.

அவளுடைய வேலை நிரந்தரமில்லை. வருசா வருசம் நீட்டிப்பார்கள். இந்த மூன்று செடிகளைப் பற்றி அவள் எழுதிக் கொடுத்ததால் அந்த வருசம் நீட்டித்தார்கள். அடுத்த கோடை அளவு சரியாக வந்தால் வேலை நிலைக்கும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். இதை அவள் சொல்லி நான் தெரிந்துதான் இருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் கிழங்கு பிடுங்குவதாக இருந்தது. ஜவ்வரிசி மில் லாரி மூன்று நாள் முன்னாலேயே வந்து நின்றது. அவளுக்கு அன்று தேர்வு வேலை, வர முடியவில்லை. நான் லாரிக்காரனோடு எடை விஷயமாக ரோட்டில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வாய்க்கால் ஓரம் மொட்டையாகக் கிடந்தது. நூலைக் காணோம்.

பிடுங்கும் ஆட்களுக்குத் தலைவியான மேஸ்திரியம்மா, எனக்கு நல்லது செய்த முகத்தோடு வந்தாள்.

"ஏனாயா, உங்காட்டுல எவளோ செய்வினை கழிச்சுக் கட்டியிருக்கறா, நீ பாக்கலையா? வாய்க்கா ஓரத்துல மூணு செடியில நீல நூலு. நல்லவேளை, என் கண்ணுல பட்டுது. கையாலகூடத் தொடல, வேப்பங்குச்சியில அவுத்துத் தீயில போட்டுட்டேன்."

"அந்தச் செடிக் குச்சியெல்லாம் எங்க?"

"அதையெல்லாம் கட்டோட கட்டாச் சேத்தாச்சு. தோசம் நூலுலதான இருக்கும், குச்சி என்ன பண்ணுச்சு?"

கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவள் திகைத்துப்போய், "நீ முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். நியாயம். நான் சொல்லவில்லை. தெரியலைங்க மேடம் கட்டிய நூல் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் விட்டேன்.

மரத்தடியில் நாற்பது கட்டுக் குச்சி நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. எங்கள் பக்கம் யார் வந்து விதைக்குச்சி கேட்டாலும் இல்லை என்று சொல்வதில்லை. சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த நங்கையா, என் வீட்டுக்காரரின் அக்கா, ஆட்டோவில் ஆறு கட்டு ஏற்றிக்கொண்டு போனாள்.

அப்போதே போனை எடுத்து, "சாமி, கலந்து போச்சு, எதுன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லியிருக்க வேண்டும். மிச்சமிருந்த கட்டுகளையாவது முழுசாகக் கொண்டுபோய் நட்டு அளந்திருப்பாள். கொடுத்த கட்டுகளையும் அந்த வாரமே திருப்பி வாங்கியிருக்கலாம். நான் செய்யவில்லை. கண்ணாட்டம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன வாய். ஒரே காட்டுக் குச்சிதானே, எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். கையில் அகப்பட்ட குச்சிகளை மூன்று சின்னக் கட்டாகக் கட்டி, மோட்டார் ரூமிலிருந்த நீல நூலைச் சுற்றி முடிந்து வைத்தேன்.

பொங்கல் கழித்து அவள் வந்தாள். கட்டுகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது அந்த மூணு செடியோட குச்சிதானுங்களே?"

"ஆமா சாமி. சத்தியமா."

தலையாட்டினாள். பெட்டிக்குப் பதிலாகக் கட்டுகளை ஸ்கூட்டியில் வைத்துக் குழந்தையைக் கட்டுகிற மாதிரித் துண்டால் கட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த கோடையில் எண் இறங்கியது. எல்லாச் செடியும் புள்ளி ஆறு. அவள் மூன்று தடவை அளந்தாள், பத்து நாள் அளந்தாள். பிறகு அவள் செய்ததை வேறு எவளும் செய்திருக்க மாட்டாள். யாரும் கேட்பதற்கு முன்னால், தானாகவே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். போன வருசம் வந்த எண் வாய்க்கால் தண்ணீரால் வந்ததாக இருக்கலாம், செடியில் ஒன்றும் இல்லை, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று. அவர்கள் வேலையை நீட்டிக்கவில்லை. இன்னொரு கோடை அளந்து பார் என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஓர் ஆள் இல்லை. உண்மையை எழுதிக் கொடுத்தவளை அனுப்பிவிட்டு, எழுதிக் கொடுக்காதவர்களையெல்லாம் வைத்துக்கொண்டார்கள்.

அதைச் சொல்ல என் காட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வரப்பிலேயே நின்றாள்.

"உங்க காட்டுல அப்படி ஒரு செடி இல்லைங்கக்கா. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன். உங்களுக்கும் ஒரு வருசம் வீணாச் சிரமம் குடுத்துட்டேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் மோர் குடித்துவிட்டுப் போ என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் ஸ்கூட்டி ரோட்டில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வருசம் அப்படியே இருந்தேன். போன பங்குனியில் வெயில் முன்னாலேயே ஏறிவிட்டது. காட்டில் ஒரு செடிகூட நிமிரவில்லை. உரக்கடைக்காரர் புது டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் வரப்புக்கே வந்து, "இது நிச்சயம் கேக்குமுங்க" என்றார். அந்த ஆளைப் பார்க்கப் பார்க்க என் மூஞ்சியைப் பார்ப்பதுபோல இருந்தது. கையிலிருந்த களைக்கொத்தைப் போட்டுவிட்டு ராசிபுரம் பஸ் ஏறினேன்.

அண்ணனுடைய தறிக்கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். தறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். ரோட்டோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரியம்மா, நூல், நாற்பது கட்டு, நங்கையா, நான் கட்டிய முடிச்சு, எதையும் மறைக்கவில்லை.

"அப்ப வெய்யல் தாங்கற கொணம் அந்தச் செடியிலயே இருந்திருக்குமுங்க" என்றாள் கடைசியில். மெதுவாகத்தான் சொன்னாள்.

"நான் உங்க பேராசிரியர்கிட்ட வந்து சொல்றேன் சாமி. எழுதிக் கையெழுத்து வேணாலும் போட்டுத் தாரேன்."

"செடி எங்கன்னு கேப்பாங்களே, அக்கா."

அந்தக் குச்சிகள் நட்டு, பிடுங்கி, மறுபடி வெட்டிக் கொடுத்து, இரண்டு போகம் தாண்டிவிட்டது. நங்கையா காட்டில் பாதி வீட்டுமனையாகிவிட்டது. மிச்சம் யார் யார் அடுப்பில் எரிந்ததோ. அளக்க அவளிடம் மெசினும் இல்லை.

"உங்க முடிச்சை நான் அன்னைக்கே பாத்தனுங்க" என்றாள்.

"என்ன?"

"நான் செடியில போட்டது தறி முடிச்சு. எங்க ஊட்டுல வேற முடிச்சே யாருக்கும் வராதுங்க. கட்டுல இருந்தது சாதா முடிச்சு. அதனாலதான் கேட்டேன், அந்தச் செடியோடதுதானான்னு." நூல் தூசி படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நீங்க சத்தியம்னீங்க. அறுந்து போயி நீங்க திருப்பிக் கட்டியிருப்பீங்கன்னு வெச்சுக்கிட்டேன். அதுக்கு மேல உங்களைச் சோதிக்க மனசு வரலைங்க."

உள்ளேயிருந்து அண்ணன் அவளைக் கூப்பிட்டான். அவள் போகவில்லை. நாமகிரிப்பேட்டை பஸ் வரும்வரை என் பக்கத்திலேயே நின்றாள். வெயில் தலைமேல் இருந்தது. பஸ் வந்தது. நான் ஏறியதும், கீழே மறந்து வைத்திருந்த என் பையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டி, "பாத்துப் போங்கக்கா" என்றாள்.